கல்லைப் படிச்ச மீனாட்சி

வரலாற்றில் மாஸ்டர்ஸ் பண்ணப் போறேன்னு வீட்டில் சொல்லிப் பாருங்க. முதல் கேள்வி வேலையைப் பத்தித்தான் வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக டாக்டர் பட்டம் வாங்கிய பெண்ணையும் அந்தக் கேள்வி சும்மா விடலை. அவர் பெயர் சி. மீனாட்சி.

1905-இல் சென்னையில் பிறந்தவர். அப்பா உயர்நீதிமன்ற ஊழியர், சீக்கிரமே காலமாகிவிட்டார். அம்மா மங்களம்மாள்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். சின்ன வயசிலேயே மகாபலிபுரம், காஞ்சிபுரம், புதுக்கோட்டை என்று கோயில் கோயிலாகப் போன பொண்ணு. நாமெல்லாம் சாமி கும்பிட்டு, பிரசாதம் வாங்கிக்கிட்டு வந்துடுவோம். அவர் சுவரில் இருப்பதையும் நின்று பார்த்தார்.

1929-இல் பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். காஞ்சிபுரத்தில் கொஞ்ச காலம் ஆசிரியை வேலை. மேலே எம்.ஏ. படிக்க நினைத்தபோதுதான் சிக்கல். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி அப்போது ஆண்கள் படிக்கும் இடம். ஒரு பெண்ணைச் சேர்க்கத் தயங்கினார்கள். அங்கே பணியாற்றிய அவருடைய அண்ணன், தங்கைக்கு நான் பொறுப்பு என்று சொன்ன பிறகே இடம் கிடைத்தது.

அடுத்து, பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியிடம் ஆராய்ச்சி. எடுத்துக்கொண்டது பல்லவர் காலம். யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதோடு அவர் நிற்கவில்லை. ஊரை எப்படி நிர்வாகம் செய்தார்கள், என்ன வரி போட்டார்கள், ஏரியை யார் பார்த்துக்கொண்டார்கள், கல்வி, இசை, நடனம் எப்படி இருந்தது என்று தேடினார். இதுக்கெல்லாம் பதில் ஒரே புத்தகத்தில் கிடைக்காதுங்க. கல்வெட்டில் ஒரு வரி, செப்பேட்டில் ஒரு வரி, மகேந்திரவர்மனின் மத்தவிலாச நாடகத்தில் ஒரு காட்சி என்று பொறுக்கிச் சேர்க்கணும். தமிழும் வேணும், சமஸ்கிருதமும் வேணும், பழைய எழுத்தும் தெரியணும். 1936-இல் பட்டம் வந்தது. 1938-இல் அந்த ஆய்வு நூலானது.

ஆனால் வேலை? பல இடங்களில் முயன்றும் எளிதில் அமையவில்லை. 1939-இல்தான் மைசூர் திவான் மிர்சா இஸ்மாயில் மூலம் பெங்களூர் மகாராணி கல்லூரியில் உதவிப் பேராசிரியை பதவி கிடைத்தது. சில மாதம்தான். 1940 மார்ச்சில் காலமானார். வயசு 34.

காஞ்சி வைகுண்டப்பெருமாள் கோயில் சிற்பங்களைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்ததை, மறு ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. வாரிசு இல்லாமல் போன பல்லவ அரியணைக்கு 12 வயசுப் பையன் ஒருவனை அழைத்து வந்து முடிசூட்டிய கதை அங்கே கல்லில் வரிசையாக இருக்கு. அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். மணற்கல் என்பதால் பல சிற்பங்கள் தேய்ந்துவிட்டன.

இங்கிருந்து தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போகிறவர்கள் காமாட்சியம்மனைத் தரிசித்துவிட்டு அவசரமாக பஸ் ஏறிடுறாங்க. வைகுண்டப்பெருமாள் கோயில் அங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. ஒரு மணி நேரம் ஒதுக்கி, திருச்சுற்றுச் சுவரைப் பார்த்தபடியே ஒரு சுற்று நடங்க.