சட்டம் மறுத்த அதிகாரி

வெள்ளையரல்லாதார் போர்க்களம் புகலாம், குண்டடி படலாம், மடியலாம். ஆனால் அதிகாரியாகிக் கட்டளையிடல் ஆகாது! முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் இராணுவச் சட்டக் கையேடு வகுத்த நீதி இது. அந்தச் சட்டம் ஏட்டில் இருக்கும்போதே வெள்ளைச் சிப்பாய்களை முன்னின்று நடத்திய கறுப்பர் மிகச் சிலர். அவருள் ஒருவர் வால்ட்டர் டல்.

பார்படோஸ் தீவில் அடிமையாயிருந்தவரின் பேரன் அவர். தந்தை தச்சர், இங்கிலாந்திலே குடியேறி, கென்ட் பகுதிப் பெண்ணை மணந்தவர். 1888இல் பிறந்த வால்ட்டர், பத்து வயது நிரம்புமுன் தாயையும் தந்தையையும் பறிகொடுத்து, லண்டன் அனாதை விடுதி புகுந்தார்.

கால்பந்து அவரைக் கைதூக்கிவிட்டது. 1909இல் டாட்டன்ஹாம் குழுவிலே ஆடினார். அதே ஆண்டு பிரிஸ்டலில் பார்வையாளர் கூட்டம் அவர் நிறத்தைச் சொல்லி ஏசிற்று. நாகரிகத்தின் தாயகம் என்று நமக்குப் பாடம் சொன்ன நாடல்லவா அது! பின்னர் நார்த்தாம்ப்டன் குழுவிலே நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள்.

1914 டிசம்பரில், கால்பந்தாட்டக்காரர்களுக்கென அமைந்த பட்டாளத்திலே சேர்ந்தார். சார்ஜண்ட் ஆனார். 1916இல் சோம் போரைக் கண்டார். 1917 மே 30இல் இரண்டாம் லெப்டினென்ட் பதவி தேடி வந்தது. ஆட்சியாளர் மனம் திருந்தினரா? இல்லை, பதவியிலிருந்தோர் குவியல் குவியலாக மாண்டதால் சட்டம் கண்ணை மூடிக்கொண்டது என்றே நாம் கருதுகிறோம்.

இத்தாலியிலே பியாவே ஆறு. அக்கரையிலே எதிரி. 1918 தொடக்கத்தில், உறைய வைக்கும் குளிரில், இரவோடு இரவாக 26 பேரை ஆற்றுக்கு அப்பால் அழைத்துச் சென்றார் டல். எதிரி பொழிந்த குண்டுமழைக்கிடையே ஒருவரையும் இழக்காது அத்தனை பேரையும் மீட்டுக்கொண்டு வந்தார். சென்றவர் அனைவரும் திரும்பினர் என்பது அந்தப் போரிலே அரிதினும் அரிது! படைப்பிரிவின் தளபதி அவருடைய தீரத்தையும் பதறாமையையும் எழுத்திலே பாராட்டினார்.

அதன்பின் பிரான்சு. 1918 மார்ச் 21இல் ஜெர்மானியர் பெருந்தாக்குதல் தொடுத்தனர். அணிகள் சிதறின, பட்டாளங்கள் பின்வாங்கின. 25ஆம் நாள், பாப்போம் நகரை அடுத்த ஃபாவ்ரேயில் அருகே, தம் ஆட்களோடு நின்ற டல்லைக் குண்டு வீழ்த்தியது. முப்பது வயது நிரம்ப ஒரு திங்கள் இருந்தது. அவர் உடலையேனும் மீட்டுவிடவேண்டும் என்று இயந்திரத் துப்பாக்கிகளின் சீற்றத்துக்கிடையே முயன்றனர் அவருடைய சிப்பாய்கள். எந்த வெள்ளையருக்கு அவர் கட்டளையிடலாகாது என்றதோ சட்டம், அந்த வெள்ளையர்! முயற்சி கைகூடவில்லை.

இராணுவச் சிலுவைப் பதக்கத்துக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டதென, அண்ணன் எட்வர்டுக்கு உடன் பணியாற்றிய அதிகாரி எழுதினார். பதக்கம் வரவில்லை. நார்த்தாம்ப்டன் மக்கள் 1999இல் நினைவுச்சின்னம் எழுப்பினர். அவருக்கென்று கல்லறை கிடையாது. அராஸ் நகரத்து நினைவுச் சுவரிலே, கல்லறையற்ற ஏறத்தாழ 35,000 பேரோடு, அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.