திருமலை கிருஷ்ணமாச்சாரியார்

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (நவம்பர் 18, 1888 - 1989) இந்திய யோக ஆசிரியர் ஆவார். ஆயுர்வேதமும் அறிந்தவர். தற்கால யோகப் பயிற்சியின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். நோயாளியின் உடல்நிலைக்கு ஏற்பப் பயிற்சியை மாற்றித் தரும் மென்மையான யோக சிகிச்சை முறை சென்னையில் இவரால் வளர்ந்தது.

மைசூர்க் காலம்

மைசூர் சமஸ்தானத்தின் சித்ரதுர்கா பகுதியில் முச்சுகுந்தபுரம் என்னும் ஊரில் பிறந்தார். திபெத்தில் இராமமோகன பிரம்மச்சாரி என்பவரிடம் பல ஆண்டுகள் யோகம் பயின்றதாகக் கூறியுள்ளார். இதற்கு வேறு சான்றுகள் கிடைக்கவில்லை. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவுடன் 1933 இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலையைத் தொடங்கினார். 1934 இல் யோக மகரந்தம் என்னும் கன்னட நூலை வெளியிட்டார். அங்கே சிறுவர்களுக்குக் கடினமான ஆசனங்களை மிகுந்த கண்டிப்புடன் கற்பித்தார். பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி, மைத்துனர் பி. கே. எஸ். ஐயங்கார் ஆகியோர் இவரது மாணவர்கள். மன்னர் 1940 இல் காலமானார். 1950 இல் யோகசாலை மூடப்பட்டபோது, அறுபது வயதைக் கடந்திருந்த இவர் வாழ்வாதாரத்தை இழந்தார்.

சென்னையில்

1950களின் தொடக்கத்தில், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சட்ட வல்லுநர் ஒருவருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்டுச் சென்னைக்கு வந்தார். பின்னர் இங்கேயே குடியேறினார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் யோகம் கற்பித்தார்.

சிகிச்சை முறை

தம்மிடம் வருபவரைத் தனியாகவே சந்தித்தார். முதலில் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். மூச்சின் போக்கு, தோலின் நிறம் ஆகியவற்றைக் கவனிப்பார். உணவு, தொழில், அன்றாடப் பழக்கங்கள் பற்றிக் கேட்டறிவார். அதன் பின்னரே சில எளிய அசைவுகளைக் கற்பிப்பார். ஒவ்வோர் அசைவும் உள்மூச்சு அல்லது வெளிமூச்சுடன் இணைந்திருக்கும். நிற்க இயலாதவருக்கு அமர்ந்தோ படுத்தோ செய்யும் பயிற்சி உண்டு. நோயாளி மீண்டும் வரும்போது பயிற்சி மாற்றி அமைக்கப்படும். தேவைப்பட்டால் மூலிகை மருந்தும் உணவு முறையும் கூறுவார். உடலை ஆசனத்திற்குப் பொருத்தாமல், ஆசனத்தை உடலுக்குப் பொருத்துவதே இம்முறையின் அடிப்படை.

இவர் குணப்படுத்தியவை பற்றிய செய்திகள் பெரும்பாலும் மாணவர்கள், குடும்பத்தினர் ஆகியோரின் நினைவுகளே. முறையான மருத்துவ ஆய்வுகள் அல்ல.

இறுதிக் காலம்

1976 இல் இவரது மகன் டி. கே. வி. தேசிகாச்சார் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார். தமது 96 ஆம் வயதில் கிருஷ்ணமாச்சாரியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சையை மறுத்து, படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கெனத் தாமே வகுத்துக்கொண்டார். பிறருக்காக உருவாக்கிய முறையையே தமக்கும் கையாண்ட இவர், 1989 இல் தமது நூறாவது வயதில் சென்னையில் காலமானார்.