லூயி பிரெயில்: விரலாற் படிக்கும் எழுத்தைத் தந்தவர்

நாம் நாடோறும் வகுப்பிலே பாடப்புத்தகத்தை விரிக்கச் சொல்கின்றோம். விரித்தும் ஒன்றுங் காணமாட்டாத பிள்ளையொன்று அங்கிருப்பின் யாது செய்வோமென நாம் எளிதில் எண்ணுவதில்லை. அதனை எண்ணியவர், அத்தகைய பிள்ளையாகவே வளர்ந்த லூயி பிரெயில் என்பார்.

பிரான்சு தேசத்திலே, பாரிஸ் நகருக்குக் கிழக்கேயுள்ள கூவ்ரே என்னுஞ் சிற்றூரில், 1809ஆம் ஆண்டு தை மாதம் 4ஆந் திகதி இவர் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணந் தைப்பவர். மூன்று வயதிலே தந்தையாரின் பட்டறையிற் குத்தூசியெடுத்து விளையாடுகையில் அது கண்ணொன்றிற் பாய்ந்தது. நோய் மற்றைக் கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதளவில் இரு கண்ணும் இருண்டன. ஊர்ப் பள்ளியிற் கேட்டுக் கேட்டே பயின்ற சிறுவனை 1819இல் பாரிசிலுள்ள விழிப்புலனற்றோர் பள்ளியிற் சேர்த்தனர்.

அங்கே, வழக்கமான எழுத்துக்களையே தாளிற் பெரிதாகப் புடைக்கச் செய்த நூல்கள் இருந்தன. நற்கருமமே, எனினும் ஒவ்வோரெழுத்தாய்த் தடவி உணர நெடுநேரமாகும். நூல்களோ பெரும் பாரம். தொகையிலும் மிகச் சில. மாணவர் தாமே எழுதவும் இயலாது.

படையிற் பணிபுரிந்த பார்பியே என்பவர் 12 புள்ளிகளால் அமைத்த முறையொன்றை 1821 அளவில் அப்பள்ளி அறிந்தது. அஃது ஒலியைக் குறித்ததேயன்றி எழுத்துக்கூட்டலைக் குறிக்கவில்லை. ஒரு குறி விரல்நுனிக்குள் அடங்கவுமில்லை. பிரெயில் 12ஐ 6 ஆக்கினார். ஆறு புள்ளிகள் 63 குறிகளைத் தந்தன. 1824இல் இதனை அமைத்தபோது அவருக்கு வயது 15. எழுதுதற்கு வேண்டியது தாளிற் குத்தும் ஊசியே. கண்ணைக் கெடுத்த கருவிக்கு அஃது இனமானது. 1829இல் இம்முறையை நூலாக வெளியிட்டார். இசைக்குங் குறிகள் வகுத்தார்.

பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். ஆயினும், 1840இல் வந்த தலைவர் இவ்வெழுத்தை விலக்கினார், நூல்கள் எரிக்கவும்பட்டன. மாணவரோ மறைவில் எழுதியே வந்தனர். தமக்குத் தெரியாத எழுத்தைத் தம் மாணவர் அறிவதை ஆசிரியர் பொறுத்தல் அரிது. நம்மையும் உட்படுத்தியே இதனைச் சொல்லுகின்றோம். 1844இல், புதிய கட்டடத் திறப்பு விழாவிலே, சொல்லக் கேட்டு மாணவர் எழுதிப் படித்துக் காட்டியபின்னரே தடை தளர்ந்தது.

சயரோகத்தால் நெடுநாள் வருந்திய பிரெயில் 1852 தை 6இல், தமது 43ஆம் பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாள், காலமானார். பிரான்சு இம்முறையை ஏற்றது 1854இலே. நம் தமிழுக்கும் இப்புள்ளிகள் வந்துள்ளன. அகரத்துக்கு முதற்புள்ளி ஒன்றே போதும். 1952இல் அவர்தம் உடலெச்சத்தைப் பாரிசிலுள்ள பெரியோர் நினைவாலயத்துக்குக் கொண்டுசென்றனர். கைகளை மட்டும் கூவ்ரே ஊரார் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.