மூடிய கதவுகளும் இறைவனின் ஆளுகையும்



உலகின் நிகழ்வுகள் அனைத்தும் இறைவனின் ஆளுகைக்கு உட்பட்டவை என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைகளுள் ஒன்றாகும். கடவுள் எல்லாம் வல்லவர் என ஞாயிறுதோறும் திருப்பலியில் நாம் அறிக்கையிடுகின்றோம். ஆயினும் வீட்டை இழந்து, உறவை இழந்து, காரணம் அறியாத துன்பத்தின் நடுவே நிற்கும் ஒருவருக்கு இந்த விசுவாசம் எளிதில் ஆறுதலாகி விடுவதில்லை. எல்லாவற்றையும் ஆள்பவர் கடவுள் என்றால் இதனையும் அவர்தானா செய்தார் என்ற கேள்வி உள்ளத்தில் எழவே செய்யும். அக்கேள்வியைத் தட்டிக் கழிக்காமல், நமது நாட்டின் மண்ணில் நடந்து திரிந்த ஒரு மனிதரின் வாழ்வின் ஒளியில் அதனை இன்று சிந்திப்போம். அவரே இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசவ்வாஸ் அடிகளார்.

அவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில், கொங்கணி மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, அவர் அறியாத இந்தத் தீவில் பெரும் மாற்றமொன்று நிகழ்ந்தது. 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன. குருவானவர் எவருக்கேனும் அடைக்கலம் கொடுப்போர்க்கு மரண தண்டனை எனக் கட்டளை பிறந்தது.

இங்கே நாம் நேர்மையாக ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். போர்த்துக்கேயர் காலத்தில் திருச்சபை ஆட்சியாளரின் வாளின் நிழலில் வளர்ந்தது. சைவ, பௌத்த வழிபாட்டிடங்கள் அழிக்கப்பட்ட வரலாறும் அக்காலத்துக்கு உண்டு. அந்த அரசு வீழ்ந்தபோது திருச்சபையும் அதனோடு வீழ்ந்துவிட்டதாகவே பலர் எண்ணியிருப்பர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் திருப்பலியின்றி, பாவசங்கீர்த்தனமின்றி, மரண வேளையில் குருவானவர் ஒருவரின் துணையுமின்றி வாழ்ந்தனர். பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே செபங்களைச் சொல்லிக் கொடுத்து விசுவாசத்தைக் காத்தனர்.

1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட யோசவ்வாஸ் அடிகளார், இம்மக்களின் நிலையைக் கேள்வியுற்று, இலங்கைக்குச் செல்ல அனுமதி வேண்டினார். 1681ஆம் ஆண்டில் மேலிடத்திலிருந்து வந்த பணிப்பு வேறாக இருந்தது. கன்னடக் கரையோரப் பகுதியான கனராவுக்குச் செல்லுமாறு அவர் பணிக்கப்பட்டார். அங்கே விசுவாசிகளுக்குப் பணியாற்றியதோடு, திருச்சபை அதிகாரம் யாருக்குரியது என்னும் கசப்பான பிணக்கின் நடுவிலும் அவர் அகப்பட்டுக்கொண்டார். இலங்கை மக்கள் குருவின்றித் தவித்துக்கொண்டிருக்க, போக விரும்பியவர் மூன்று ஆண்டுகளை வேறொரு கரையில் கழிக்க நேர்ந்தது. மனிதக் கண்களுக்கு அது வீணாய்ப்போன காலமாகவே தோன்றும்.

1684இல் கோவாவுக்குத் திரும்பிய அவர், அடுத்த ஆண்டு அங்கிருந்த சிறியதொரு குருக்கள் குழுவில் இணைந்தார். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்நாட்டவரைத் தம்முள் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலம் அது. ஆகவே கோவாவைச் சேர்ந்த குருக்கள் சிலர் தாமாகவே ஒன்றுகூடி வாழத் தொடங்கியிருந்தனர். யோசவ்வாஸ் அடிகளார் அவர்களுக்குத் தலைவரானார். புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவிய ஒரத்தோரியன் சபையாக அக்குழுவை உருப்பெறச் செய்தார். பின்னர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் இலங்கைக்குக் குருக்களை அனுப்பி வந்தது இச்சபையே. 1681இல் அவர் விரும்பியவாறே இங்கு வந்திருந்தால் தனி மனிதராகவே வந்திருப்பார். அவரது மரணத்தோடு அப்பணியும் முடிந்திருக்கலாம். அடைக்கப்பட்ட அந்தக் கதவுக்குப் பின்னால் இறைவன் எதனை ஆயத்தம் செய்தார் என்பது அன்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அடிகளாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் கீழ்ப்படிந்தார், அவ்வளவே.

1686இல் கோவாவிலிருந்து புறப்பட்ட அவர், தூத்துக்குடியை அடைந்து தமிழ் கற்றார். 1687ஆம் ஆண்டின் உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து, குருவானவருக்குரிய உடையைக் களைந்து, கூலியாளின் கோலத்தில், யோவான் என்னும் பணியாளருடன் தோணியேறினார். புயலால் அலைக்கழிக்கப்பட்டு, பசியால் வாடி, மன்னாரைத் தொட்டு, பின்னர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றுளைவு நோயில் வீழ்ந்து, ஆதரவற்றவராய்க் கிடந்தார். இரக்கமுள்ளோர் கொடுத்த கஞ்சியே அவரது உயிரைக் காத்தது. அரசர்களின் கப்பல்களில் ஒருகாலத்தில் வந்திறங்கிய நற்செய்தி, இம்முறை வழியோரத்தில் கிடந்த நோயாளியின் உருவில் வந்து சேர்ந்தது.

நோய் தெளிந்தபின் அவர் வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். கழுத்தில் செபமாலை ஒன்றை வெளியே தெரியும்படி அணிந்திருந்தார். அதனைக் கண்டு யாருடைய முகம் மலர்கின்றது எனக் கவனிப்பதே கத்தோலிக்கரை இனங்காண அவர் கண்ட வழியாகும். இவ்வாறே சில்லாலை மக்கள் அவரை அறிந்து, தம் உயிருக்கு வரக்கூடிய ஆபத்தையும் பொருட்படுத்தாமல் அடைக்கலம் கொடுத்தனர். இரவுகளில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. பகலில் அவர் மறைந்திருந்தார்.

ஆயினும் இறைபராமரிப்பு என்பது துன்பமே வராமல் தடுக்கும் மதில் அன்று. 1689ஆம் ஆண்டு நத்தார் விழாவுக்கென யாழ்ப்பாணத்தில் கூடியிருந்த கத்தோலிக்கர் மீது ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தனர். பலர் சிறைப்பிடிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். கல்வீனிய மார்க்கத்திலிருந்து கத்தோலிக்கம் தழுவியிருந்த தொன் பேதுரு என்பவர் சித்திரவதையால் உயிர் துறந்தார். அடிகளாரோ பிடிபடவில்லை. ஒருவர் தப்பினார், மற்றவர் மாண்டார். தப்பியவரைக் கடவுள் நினைவுகூர்ந்தார், மாண்டவரை மறந்தார் எனச் சொல்ல எவருக்கு உரிமையுண்டு? சிலுவையில் தொங்கிய தம் மகனையே விடுவிக்காதிருந்து, மூன்றாம் நாளில் உயிர்த்தெழச் செய்த தந்தையின் ஆளுகையே நாம் விசுவசிக்கும் ஆளுகையாகும். அதன் கணக்கு இம்மண்ணோடு முடிவதில்லை.

அந்தக் கொடுமைகளுக்குப் பின்னர் புத்தளத்தில் பணியாற்றிய அடிகளார், 1692இல் கண்டிக்குச் சென்றார். அவர் யாழ்ப்பாணத்தில் கால் வைத்த அதே 1687ஆம் ஆண்டிலேயே கண்டியில் இரண்டாம் இராஜசிங்கன் மறைந்து, இரண்டாம் விமலதர்மசூரியன் அரியணை ஏறியிருந்தான் என்பதையும் இங்கே நினைவிற் கொள்வோம். ஆனால் அவருக்கு அங்கே கிடைத்த வரவேற்போ சிறைவாசம். அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த லனறோல் என்னும் பிரெஞ்சுக்காரர், வந்திருப்பவர் போர்த்துக்கேய உளவாளி என்று மன்னனை நம்பச் செய்திருந்தார். அது அப்பட்டமான பொய். ஆயினும் அப்பொய்யே அடிகளாரை ஒல்லாந்தரின் கட்டளை எட்டாத தலைநகரில் நிலைகொள்ளச் செய்தது. சிறையில் அவர் சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது அங்கேயே சிறு கொட்டிலொன்றை ஆலயமாக அமைத்தார். ஒல்லாந்தரின் கொடுமைக்குத் தப்பிக் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த கத்தோலிக்கர், கைதியிடமே தேவதிரவிய அனுமானங்களைப் பெற்றனர்.

பின்னர் நாட்டில் மழை பொய்த்த வேளையில், பொதுவிடத்தில் அவர் பீடமொன்றை அமைத்துச் செபித்தபோது பெருமழை பொழிந்தது என்று கத்தோலிக்க மரபு கூறுகின்றது. மன்னனின் மனம் அவர்பால் இளகியது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, மன்னனும் அரசவையினரும் நகரை விட்டகன்றனர். நோயுற்றோரை உறவினரே காட்டோரம் கொண்டுபோய் விட்டனர். யோசவ்வாஸ் அடிகளாரும், கோவாவிலிருந்து வந்து அவரோடு இணைந்திருந்த குருவானவரும் கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்றனர். கொட்டில் அமைத்து, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். பௌத்தர் யார், கத்தோலிக்கர் யார் என்று அவர்கள் கேட்கவில்லை. அப்பணியின் பின்னரே மன்னன் அவருக்குத் தன் நாட்டில் முழுச் சுதந்திரத்தோடு பணியாற்ற இடமளித்தான். பௌத்த மன்னன் ஒருவனின் பாதுகாப்பிலேயே இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபை மீண்டும் எழுந்து நின்றது.

அன்பானவர்களே, இவ்விடத்தில் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். அந்தப் பெரியம்மையைத் திருச்சபையின் வளர்ச்சிக்காகக் கடவுளே அனுப்பினார் எனக் கூறலாமா? கூறலாகாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன் நின்று அப்படிச் சொல்வது கடவுளை அவமதிப்பதாகும். தீமை கடவுளின் படைப்பன்று. அதனை அவர் அனுமதிக்கின்றார், அதிலிருந்தும் நன்மையைப் பிறப்பிக்க வல்லவராயிருக்கின்றார் என்றே திருச்சபை போதிக்கின்றது. ஒல்லாந்தரின் கட்டளையும் லனறோலின் பொய்யும் அநீதிகளே. அவற்றின் பொறுப்பு அவற்றைச் செய்த மனிதருடையதே. மனிதரின் சுதந்திரத்தைப் பறிக்காமல், அச்சுதந்திரமான செயல்களினூடாகவே கடவுள் தம் நோக்கத்தை நிறைவேற்றுகின்றார் என்பது புனித தோமா அக்குவினாரின் போதனையுமாகும். தம் சகோதரரால் எகிப்துக்கு விற்கப்பட்ட யோசேப்பின் வரலாற்றைத் தொடக்க நூலில் வாசிக்கின்றோம். சகோதரரின் தீய எண்ணம் தீயதாகவே இருந்தது. கடவுளோ அதிலிருந்து பலரின் உயிரைக் காத்தார். அதே பெயரைத் தாங்கிய கோவாக் குருவானவரின் வாழ்விலும் அதே கரத்தின் செயலைக் காண்கின்றோம்.

பெரியம்மை ஏன் வந்தது என அடிகளார் எவருக்கும் விளக்கம் கூறிக்கொண்டிருக்கவில்லை. நோயாளரின் புண்ணைக் கழுவினார். இறைவனின் ஆளுகையை விசுவசிப்பவர் செய்ய வேண்டியது இதுவே. வரலாற்றின் முடிச்சுகளை அவிழ்ப்பது நமது பொறுப்பன்று. இன்று நம் கைக்கு எட்டும் நன்மையைச் செய்வதே நமது பொறுப்பு.

1705இல் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் கிறிஸ்தவ இலக்கியத்துக்கு அடித்தளமிட்டார். நம் பங்குகளில் தவக்காலத்தில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்த கொடையே. அடைக்கப்பட்ட கதவின் முன் ஒருவர் கீழ்ப்படிந்து காத்திருந்ததன் கனி, மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் நம் காதுகளில் ஒலிக்கின்றது.

யோசவ்வாஸ் அடிகளார் தமக்கு வழங்கப்பட முன்வந்த ஆயர் பதவியையும் ஏற்காமல், 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அப்போது இத்தீவில் ஏறத்தாழ 70,000 கத்தோலிக்கர் இருந்தனர் எனக் கணிக்கப்படுகின்றது. ஆயினும் ஒல்லாந்தரின் ஆட்சி முடிய இன்னும் 85 ஆண்டுகள் இருந்தன. 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியதை அவர் காணவில்லை. அவர் எழுப்பிய கண்டி ஆலயமும் பிற்கால மன்னரொருவரின் காலத்தில் எழுந்த எதிர்ப்பில் அழிந்தது. அவரது கல்லறை எங்கேயிருக்கின்றது என்பது இன்று எவருக்கும் தெரியாது. 1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைக் கொழும்பு காலிமுகத்திடலில் அருளாளராகவும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அதே திடலில் புனிதராகவும் உயர்த்தினர். திருச்சபையின் அந்த மாபெரும் விழாக்களில் பீடத்தின்மேல் வைத்து வணங்க அவரது எலும்பொன்றுகூட நம்மிடம் இருக்கவில்லை.

வாசகரே, உங்கள் வாழ்விலும் அடைக்கப்பட்ட கதவுகள் இருக்கலாம். வேண்டியது கிடைக்காமற் போயிருக்கலாம். பொய்க் குற்றச்சாட்டொன்றின் சுமையை நீங்கள் சுமந்துகொண்டிருக்கலாம். இழந்த ஒருவரைப் பற்றிய விடை இன்னும் கிடைக்காதிருக்கலாம். அதன் பொருளை இன்றே கண்டுகொள்ளுங்கள் என்று உங்களை வற்புறுத்துவதற்கில்லை. அழ வேண்டுமாயின் இறைவனின் முன் அழுங்கள். கேட்க வேண்டுமாயின் அவரிடமே கேளுங்கள். ஆனால் உங்கள் வாழ்வு அவருடைய கையை விட்டு நழுவிவிட்டதாக மட்டும் எண்ணாதீர்கள். பிச்சைக்காரரின் கோலத்தில் நம் வீதிகளில் நடந்தவரை வழிநடத்திய தந்தை உங்களையும் அறிவார். இவ்வாரத்தில் உங்கள் அருகில் கைவிடப்பட்டிருக்கும் ஒருவரைத் தேடிச் சென்று, உங்களால் இயன்றதைச் செய்யுங்கள். மிகுதியை ஆண்டவரின் கையில் விட்டுவிடுங்கள்.

புனித யோசவ்வாஸ் அடிகளாரின் பரிந்துரையால் இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.