ஆர்தர் லையன் பௌலி

சர் ஆர்தர் லையன் பௌலி (நவம்பர் 6, 1869 - சனவரி 21, 1957) இங்கிலாந்தைச் சேர்ந்த புள்ளியியலாளரும் பொருளியலாளரும் ஆவார். ஆங்கிலத்தில் வகுப்பறைக்கென எழுதப்பட்ட முதல் புள்ளியியல் பாடநூலாகப் பலராலும் கருதப்படும் நூலை 1901 இல் வெளியிட்டார். இந்தியாவில் வணிகவியல் பயிலும் மாணவர்கள் இவரைப் பௌலியின் கோட்டக் கெழு வழியாக அறிவர்.

வாழ்க்கைக் குறிப்பு

பிரிஸ்டல் நகரில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். கிறைஸ்ட் மருத்துவமனை எனப் பெயர் கொண்ட பள்ளியிலும் (இது மருத்துவமனை அன்று) கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் கணிதம் பயின்றார். ஆல்பிரட் மார்ஷலின் தாக்கத்தால் பொருளியலுக்குத் திரும்பினார். இலண்டன் பொருளியல் பள்ளி 1895 இல் தொடங்கியபோதே அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்தார். அக்காலத்தில் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றி வந்தார். 1919 இல் அங்கு புள்ளியியல் பேராசிரியரானார்.

பாடநூல்

புள்ளியியலின் கூறுகள் எனும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட இந்நூல் இலண்டன் விரிவுரைகளில் இருந்து உருவானது. கணிதப் பயிற்சி குறைந்த மாணவர்களுக்குப் புள்ளியியலை எவ்வாறு கற்பிப்பது என்பதே பௌலி எதிர்கொண்ட சிக்கல் ஆகும். அதற்காக நூலை இரண்டாகப் பிரித்தார். முதற்பகுதி தரவு திரட்டல், அட்டவணைப்படுத்தல், சராசரிகள், வரைபடங்கள், குறியீட்டெண்கள் ஆகியவற்றைச் சொல்கின்றது. இரண்டாம் பகுதி நிகழ்தகவையும் ஒட்டுறவையும் கணித முறையில் விளக்குகின்றது.

முதற்பகுதியே நூலின் வலிமை எனலாம். மக்கட்தொகை, கூலி, வெளிநாட்டு வணிகம் பற்றிய உண்மையான கணக்கெடுப்புகளை எடுத்துக்கொண்டு, ஓர் எண் எங்கிருந்து வந்தது, எவ்வளவு நம்பத்தக்கது என்று வினவ மாணவரைப் பழக்குகின்றது. சூத்திரத்தில் தொடங்கிச் சூத்திரத்தில் முடியும் பிற்காலப் பாடநூல்கள் பலவற்றில் இப்பழக்கம் இல்லை. ஆனால் இரு பகுதிகளுக்கும் இடையே உள்ள இடைவெளி பெரியது. முதலாவதை முடித்த மாணவர் இரண்டாவதில் எளிதாக நுழைய இயலாது. 1911 இல் வெளிவந்த யூலின் நூல் ஒட்டுறவைக் கற்பிப்பதில் இதனை விஞ்சியது. 1925 இல் பிஷரின் நூல் வந்தபின் இரண்டாம் பகுதி பழமையானதாகத் தோன்றியது. அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்களைப் பயன்படுத்துவோருக்கென எளிய கையேடு ஒன்றையும் 1910 இல் எழுதினார். அது பல பதிப்புகள் கண்டது.

கோட்டக் கெழு

மூன்றாம் கால்மானத்தையும் முதற் கால்மானத்தையும் கூட்டி, இடைநிலை அளவின் இருமடங்கைக் கழித்து, கால்மானங்களின் வேறுபாட்டால் வகுத்தால் இக்கெழு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, கால்மானங்கள் 40, 60 எனவும் இடைநிலை அளவு 55 எனவும் இருந்தால் கெழு -0.5 ஆகும். இதன் மதிப்பு -1 க்கும் +1 க்கும் இடையில் அமையும். கூலி அட்டவணைகளில் கடைசிப் பிரிவு பெரும்பாலும் மேல் எல்லையின்றி விடப்படும். அங்கு கூட்டுச் சராசரியைச் சரியாகக் கணக்கிட முடியாது, கால்மானங்களைக் கணக்கிடலாம். வணிகப் புள்ளியியலில் இக்கெழு நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கூறெடுப்பு ஆய்வு

1912 இல் ரெடிங் நகரத் தொழிலாளர் குடும்பங்களில் ஏறத்தாழ இருபதுக்கு ஒன்றை மட்டும் தேர்ந்து ஆய்வு செய்தார். ஒரு நகரின் வறுமையை அறிய எல்லா வீடுகளுக்கும் செல்ல வேண்டியதில்லை என்பதை இது காட்டியது. மேலும் சில நகரங்களின் முடிவுகளுடன் 1915 இல் நூலாக வெளிவந்தது. எனினும் புதிய கருத்துகளை அவர் உடனே ஏற்றுக்கொண்டவர் அல்லர். 1934 இல் நெய்மன், பிஷர் இருவரும் அரச புள்ளியியல் கழகத்தில் வாசித்த கட்டுரைகளை ஐயத்துடனே எதிர்கொண்டார்.

இந்தியாவுடன் தொடர்பு

இந்திய அரசின் அழைப்பின்பேரில் டெனிஸ் ராபர்ட்சனுடன் வந்து, இந்தியாவுக்கான பொருளாதாரக் கணக்கெடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தார். அதன் அறிக்கை 1934 இல் வெளியானது.

இறுதிக்காலம்

1936 இல் ஓய்வு பெற்றார். போர்க்காலத்தில் ஆக்சுபோர்டு புள்ளியியல் நிறுவனத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். 1950 இல் சர் பட்டம் பெற்றார். சரே மாவட்டத்தின் ஹேசில்மியரில் காலமானார். இவரது மகள் மரியன் பௌலியும் பொருளியலாளர் ஆவார்.