பூஜை அறைக்கு வந்த மகாலட்சுமி

தாமரையில் நின்ற கோலம், அருகே மாலையேந்திய யானை... வெள்ளிக்கிழமைதோறும் நாம் பூச்சூட்டி வணங்கும் மகாலட்சுமி படம் பலவற்றுக்கு மூலம், ராஜா ரவிவர்மாவின் தூரிகை!

கேரளத்தின் கிளிமானூர் அரண்மனையில் 1848-ல் பிறந்தவர் ரவிவர்மா. அவரது திறமையை முதலில் கண்டுகொண்டவர், ஓவியரான தாய்மாமன் ராஜராஜ வர்மா. திருவனந்தபுரம் அரண்மனையில் தங்கி, தைல வண்ண ஓவியத்தைப் பெரும்பாலும் பார்த்துப் பார்த்தே கற்றார்.

அன்று பலருக்குக் கோயில் வாசல் அடைபட்டிருந்தது. 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கிய ரவிவர்மா, தெய்வப் படங்களை எளியோரும் வாங்கும்படி அச்சிட்டார். கடன் சுமை ஏறியது. அச்சகத்தையே விற்க நேர்ந்தது. 1906-ல் மறைந்தார்.

திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936-ல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வீட்டுக்கும் அன்னை வர வழி செய்துவிட்டார் அவர்.

அடுத்த வெள்ளியன்று விளக்கேற்றும்போது, அந்தக் கைகளையும் நினைத்துக்கொள்வோம்!