கைம்மாறு கருதாத ஈகை

ஏழைகளின் இல்லம் தேடிச் செல்லும் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையை நாம் அறிவோம். அதைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் பிரெட்ரிக் ஓசானாம்.

இவர் 1813-ம் ஆண்டு மிலான் நகரில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தார். 1833-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, தமது இருபதாவது பிறந்த நாளன்று, பாரீஸ் மாநகரில் மாணவ நண்பர் சிலருடன் இச்சபையின் முதற் கூட்டத்தில் அமர்ந்தார். உதவியை அனுப்பி வைத்தால் போதாது, தாங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட வழக்கம்.

பின்னர் ஓசானாம் சொர்போன் கலாசாலையில் பேராசிரியரானார், இல்லறமும் ஏற்றார். ஒரு புத்தாண்டு தினத்தில், தாமறிந்த ஏழைக் குடும்பமொன்று, வாழ்ந்த காலத்தின் கடைசி நினைவாயிருந்த இழுப்பறை அலமாரியை அடகு வைத்துவிட்டதென அறிந்தார். அதை மீட்டுப் பரிசளிக்க விரும்பினார். மனைவி அமேலி தக்க காரணங்கள் காட்டித் தடுக்கவே, இணங்கினார். மாலையில் வீடு திரும்பியவரின் முகம் வாடியிருந்தது. தம் சிறு மகளுக்கு வந்த விளையாட்டுச் சாமான்களைக் கண்டு இன்னும் வருந்தினார். கொடுத்த மிட்டாயையும் தொடவில்லை. கணவரின் மனமறிந்த அமேலி சம்மதித்தார். உடனே சென்று அலமாரியை மீட்டுக் கொடுத்து, மகிழ்ச்சியோடு திரும்பினார்.

அக்குடும்பம் அவருக்கு என்ன திருப்பித் தர முடியும்? அவர் கொடுத்தது சோறுமல்ல, துணியுமல்ல. இழந்த மானத்தை மீட்டுக் கொடுத்தார்.

1853-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி, தேவமாதா பிறந்த திருநாளில், நாற்பதாம் வயதில் மரித்தார். 1997-ம் ஆண்டு முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

வாசலில் நிற்பவரின் நன்றியை எதிர்பாராமல், திருப்பித் தர இயலாதவரை நாமே தேடிச் செல்வோமாக.